ஜன்னலில் விழும் வெளிச்சம் யாருக்குச் சேர வேண்டியது?

கேள்வி: ஐயா, வணக்கம். எங்கள் தெருவில் நான்கு மாதங்களுக்கு முன்பு பழைய மஞ்சள் விளக்குகளைக் கழற்றிவிட்டு வெள்ளை எல்இடி விளக்குகளைப் பொருத்தினார்கள். எங்கள் மாடிப் படுக்கையறை ஜன்னலுக்கு நேராக ஒரு கம்பம் நிற்கிறது. திரைச்சீலையை இழுத்து மூடினாலும், ஜன்னல் கம்பிகளின் நிழல் சுவரில் விழும் அளவுக்கு வெளிச்சம் உள்ளே வருகிறது. எழுபத்திரண்டு வயதான என் அம்மா இரவில் பலமுறை விழித்துக்கொள்கிறார். நள்ளிரவுக்குப் பிறகு விளக்குகளை அணைத்துவிடலாமே என்று குடியிருப்போர் சங்கத்தில் கேட்டேன். எதிர்வீட்டுப் பெண் இரவுப் பணி முடிந்து ஒரு மணிக்குத்தான் வீடு திரும்புவார். "அணைத்துவிட்டால் நான் எப்படி நடந்து வருவது?" என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வேறு சிலர், கம்பங்களுக்கு நடுவே இருட்டாக இருக்கிறது, இன்னும் அதிக வாட் விளக்கு போட வேண்டும் என்கிறார்கள். குடியிருப்புத் தெருவில் இரவு முழுவதும் விளக்கு எரிவது நல்லதா, கெட்டதா? அடுத்த கூட்டத்தில் நான் என்ன சொல்ல வேண்டும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த வரி, ஜன்னல் கம்பிகளின் நிழல் சுவரில் விழுகிறது என்பதுதான். தெருவிளக்கு அமைப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு, அந்த ஒரு வரியே உங்கள் தெருவின் நிலையைப் பெரும்பாலும் சொல்லிவிட்டது. அந்த விளக்கு சாலைக்கு வெளிச்சம் தருவதற்காகக் கம்பத்தில் ஏற்றப்பட்டது. ஆனால், அது உங்கள் வீட்டுச் சுவருக்கு வெளிச்சம் தந்துகொண்டிருக்கிறது. உங்கள் சுவரில் விழும் அந்த ஒளி, இரவு ஒரு மணிக்கு எதிர்வீட்டுப் பெண் காலெடுத்து வைக்கும் தரையில் விழுந்திருக்க வேண்டிய ஒளி. ஆகவே நீங்கள் ஒரு பக்கமும் அவர் மறுபக்கமும் நின்று வாதாட வேண்டிய தேவையே இல்லை. தவறாகப் பொருத்தப்பட்ட ஒரே விளக்கு உங்கள் இருவருக்கும் கேடு செய்திருக்கிறது. கூட்டத்தில் நீங்கள் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

இதை என் சொல்லை நம்பி ஏற்றுக்கொள்ள வேண்டாம். இன்றிரவே நீங்களே சோதித்துப் பார்க்கலாம். வீட்டார் ஒருவரை அந்தக் கம்பத்துக்கு அப்பால், ஏழெட்டு மீட்டர் தள்ளி, மதிலோரமாக நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் கம்பத்துக்கு இப்பால் அதே அளவு தூரத்தில் நின்றுகொண்டு அவர் இருக்கும் திசையைப் பாருங்கள். விளக்கின் வெண்மை கண்ணில் குத்தும்; அவர் இருக்கும் இடம் கறுப்பாகத் தெரியும். இப்போது கையை நீட்டி, உள்ளங்கையால் விளக்கை மட்டும் மறைத்துக்கொண்டு மறுபடியும் பாருங்கள். அவர் தோளும் முகமும் மதிலின் விளிம்பும் மெல்ல மெல்லத் துலங்கும். தெருவில் ஒளியின் அளவு கூடவில்லை, உங்கள் கண்ணுக்குள் நேராகப் பாய்ந்த ஒளிதான் குறைந்திருக்கிறது. இந்தச் சோதனையைச் செய்துகாட்டிய எல்லாத் தெருக்களிலும், அதிக வாட் விளக்கு கேட்டவர்கள் ஒரு கணம் பேசாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

இதற்குக் காரணம் கண்ணின் அமைப்பிலேயே இருக்கிறது. வலுவான ஒளி கண்ணுக்குள் நுழையும்போது, அதில் ஒரு பகுதி கண்வில்லையிலும் அதைச் சூழ்ந்த பகுதிகளிலும் சிதறி, பார்க்கும் காட்சி முழுவதன் மேலும் மெல்லிய வெண்திரைபோல் படர்கிறது. பிரகாசமான பொருள்கள் அந்தத் திரையைத் தாண்டித் தெரியும். நிழலில் இருக்கும் படிக்கட்டும், பள்ளமும், மதிலோரம் நிற்கும் ஆளும் அதில் மறைந்துபோவார்கள். கூடவே கண்மணி சுருங்கிக்கொள்வதால், மங்கலான இடங்களிலிருந்து வரும் கொஞ்ச ஒளியும் குறைந்துவிடுகிறது. வயது ஏற ஏற இந்தச் சிக்கல் கூடும். அறுபது வயதுக்காரரின் விழித்திரையை எட்டும் ஒளி, இருபது வயதுக்காரருக்குக் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் கண்வில்லை மஞ்சளடைந்து கலங்குவதால் சிதறலோ அதிகம். உங்கள் அம்மாவுக்குப் பார்க்க அதிக ஒளி வேண்டும், அதே சமயம் கண்கூச்சத்தை அவரால் உங்களைவிடக் குறைவாகவே தாங்க முடியும். வயதானவர்கள் நிறைந்த தெருவில் விளக்கின் வாட்டைக் கூட்டிவிட்டுக் கூச்சத்தைக் கவனிக்காமல் விடுவது, அவர்களைத் தடுக்கி விழச் செய்வதற்கு ஒப்பானது.

அதிக வாட் வேண்டும் என்று கேட்பவர்களின் குறையும் பொய்யன்று. கம்பத்தடியில் பகல்போல் இருக்க, இரு கம்பங்களுக்கு நடுவே இருட்டு நிற்பது உண்மையான குறைதான். ஆனால் அதற்கு மருந்து வாட்டில் இல்லை. எல்லாத் திசையிலும் ஒரே வலுவோடு ஒளி வீசும் ஒரு விளக்கை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கம்பத்தின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளி நின்றால், தரையில் விழும் ஒளி கம்பத்தடியில் இருப்பதில் ஏறத்தாழ 35 சதவீதம். உயரத்தைப்போல் இருமடங்கு தூரம் போனால் 9 சதவீதம். வாட்டை இரட்டிப்பாக்கினால் இந்த விகிதம் மாறாது. கம்பத்தடி இன்னும் பளீரென்றும், அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நடுப்பகுதி முன்பைவிட இருட்டாகவும் தோன்றும். நல்ல விளக்கில் ஒவ்வொரு எல்இடியின் மேலும் சிறிய வில்லை (லென்ஸ்) பொருத்தி, நேர்கீழே போகும் ஒளியைக் குறைத்து, சாலையின் நீளவாக்கில் பக்கவாட்டுக்குத் திருப்பியிருப்பார்கள்; வீடுகள் இருக்கும் பின்பக்கத்துக்கு ஒளி போகாமல் தடுத்திருப்பார்கள். வில்லைத் தேர்வில் கவனம் இல்லாமல், மலிவாகக் கிடைத்த ஒரே வகை விளக்கை எல்லாக் கம்பங்களிலும் ஏற்றிவிட்டால், நீங்கள் எழுதியிருப்பதுபோல்தான் ஆகும்.

குடியிருப்புத் தெருவுக்கு எவ்வளவு ஒளி வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்பவர்கள் பெரும்பாலும் வியப்படைகிறார்கள். ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் தரவரையறையில், அமைதியான குடியிருப்புத் தெருக்களுக்கான ஒரு வகுப்புக்குச் சராசரி 5 லக்ஸ் (ஓர் இடத்தின்மேல் விழும் ஒளியை அளக்கும் அலகு), மிகக் குறைந்த இடத்திலும் 1 லக்ஸ் இருந்தால் போதும் என்று வகுத்திருக்கிறார்கள். நடமாட்டம் அதற்கும் குறைவான தெருக்களுக்கு 3 லக்ஸும் 2 லக்ஸும்கூட ஏற்கப்படுகின்றன. முழுநிலவின் ஒளி கால் லக்ஸுக்கு மேல் அநேகமாகப் போவதில்லை. அதிலேயே மனிதர்கள் காலங்காலமாக வழிநடந்திருக்கிறார்கள். 5 லக்ஸ் என்பது அதைப்போல் இருபது மடங்கு. கண்ணுக்குத் தேவை பெரும் ஒளி அன்று, சீராகப் பரவிய ஒளி. சராசரியைக் காட்டிலும், மிகக் குறைந்த இடத்தில் எவ்வளவு இருக்கிறது என்ற எண்ணைத்தான் நான் முதலில் கேட்பேன்.

என் சொந்தத் தவறு ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த தொடக்கத்தில், கம்பங்கள் வெகுதூரம் இடைவிட்டு நின்ற ஒரு தெருவின் பொறுப்பு எனக்கு வந்தது. புதிய கம்பம் நட அனுமதி இல்லை. விளக்குகளைத் தரைக்குக் கிடைமட்டமாக வைக்காமல், முகத்தை 15 டிகிரி மேல்நோக்கிச் சாய்த்தால் ஒளி இன்னும் தூரம் போகும் என்று நினைத்து அப்படியே செய்தேன். இரண்டு வாரம் கழித்து ஒரு பெரியவர் வந்து, "தம்பி, ராத்திரி ஒன்பது மணிக்கு என் அறைக்கு ஒருமுறை வாருங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். போனேன். அறை விளக்கை அணைத்தார். ஜன்னல் கண்ணாடி முழுவதும் செய்தித்தாள் ஒட்டியிருந்தார். வெளியிலிருந்து வந்த ஒளியில் தாளின் இருபக்க எழுத்துகளும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன; தலைப்புச் செய்தியை உள்ளேயிருந்தே என்னால் படிக்க முடிந்தது. அவர் குறை ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளே விளக்குகளை மட்டத்துக்கு இறக்கினோம். அன்றிரவு அந்தத் தெருவை நடந்து பார்த்தேன்: நடுப்பகுதிகளில் வெளிச்சம் குறைவாகத்தான் இருந்தது, ஆனால் வாசற்படிகள் முந்தின நாளைவிட நன்றாகத் தெரிந்தன. சாய்த்துப் பொருத்திய விளக்கை எங்கே பார்த்தாலும் அந்தச் செய்தித்தாள்தான் என் நினைவுக்கு வரும். உங்கள் கம்பத்திலும் விளக்கு சாய்ந்திருக்கிறதா என்று கீழே நின்று பக்கவாட்டில் பாருங்கள். சாய்ந்திருக்கும் என்றே என் ஊகம்.

அடுத்து, கூட்டத்தில் கட்டாயம் எழப்போகும் கேள்வி: விளக்கு குறைந்தால் திருட்டும் குற்றமும் கூடாதா? இதற்கு ஆராய்ச்சிகள் தரும் விடை ஒரே மாதிரி இல்லை என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பிரிட்டனில் ஃபாரிங்டன், வெல்ஷ் என்ற இரு குற்றவியல் ஆய்வாளர்கள் 2002-இல் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தெருவிளக்கு மேம்படுத்தப்பட்ட பகுதிகளில் குற்றங்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருப்பதைக் கண்டார்கள். ஆனால் அதிலேயே வியப்பான ஒரு செய்தி இருந்தது: பகலில் நடக்கும் குற்றங்களும் குறைந்திருந்தன. தெரு கவனிக்கப்படுகிறது, யாரோ அக்கறை எடுத்துக்கொள்கிறார்கள் என்ற உணர்வே அங்கு வேலை செய்திருக்க வேண்டும் என்று அவர்கள் கருதினார்கள். நியூயார்க்கில் 2016-இல் சில பொதுக் குடியிருப்பு வளாகங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து வலுவான விளக்குகள் வைத்துப் பார்த்தபோது, இரவில் வெளியிடங்களில் நடந்த கடுமையான குற்றங்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. அவை ஏற்கெனவே குற்றம் மிகுந்த வளாகங்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

மறுபக்கத்தையும் பாருங்கள். சிகாகோவில் வீடுகளின் பின்புறச் சந்துகளில் விளக்கைக் கூட்டியபோது பதிவான குற்றங்கள் குறையவில்லை, கூடின. ஒளி வந்ததால் கண்ணில் பட்டதும் புகார் ஆனதும் கூடியிருக்கலாம் என்றாலும், ஒளி ஏறினாலே குற்றம் இறங்கும் என்ற நம்பிக்கைக்கு அது இடம் தரவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 62 உள்ளாட்சிகளில் விளக்குகளை முழுவதுமாகவோ இரவின் ஒரு பகுதியிலோ அணைத்ததையும், மங்கலாக்கியதையும் ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட முடிவில், சாலை விபத்தோ குற்றமோ அதனால் கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. பிறகு இங்கிலாந்தின் தேம்ஸ் பள்ளத்தாக்குப் பகுதியில் நடந்த ஓர் ஆய்வு, விளக்கு அணைந்த தெருக்களில் வாகனங்களுக்குள்ளிருந்து பொருள் திருடுவது குறைந்ததையும், அது அக்கம்பக்கத்து வெளிச்சமான தெருக்களுக்கு நகர்ந்திருக்கக்கூடும் என்பதையும் காட்டியது. திருடுபவனுக்கும் வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒளி வேண்டும் அல்லவா?

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது என் கருத்து இதுதான்: ஒளி தானாகக் காவல் காப்பதில்லை; பார்க்கும் மனிதர்கள் இருக்கும் இடத்தில்தான் அது பயன்படுகிறது. எல்லோரும் உறங்கிவிட்ட நேரத்தில், பார்ப்பவர் இல்லாத மதிலின் மேல் எரியும் விளக்கால் பாதுகாப்பு பெரிதாகக் கூடிவிடாது. ஆனால் இரவு ஒரு மணிக்கு ஒரு பெண் தனியாக நடந்து வரும்போது அங்கே பார்க்கும் ஒரு மனிதர் இருக்கிறார், அந்தப் பெண்தான் அவர். எதிரே வருபவரின் முகமும் கைகளும் சில மீட்டர் தூரத்திலேயே அவருக்குத் தெரிய வேண்டும். விலகவோ திரும்பவோ முடிவெடுக்க அவகாசம் கிடைக்க வேண்டும். அந்த ஒளியை அவரிடமிருந்து பறிக்க எனக்கு மனம் வராது. புள்ளிவிவரத்தில் குற்றம் கூடவில்லை என்று சொல்லி அவரைச் சமாதானப்படுத்தவும் முயல வேண்டாம். அச்சத்தால் ஒரு பெண் வேலையை விட்டுவிட்டாலோ, ஒரு முதியவர் மாலைக்குப் பிறகு வாசலைத் தாண்டாமல் இருந்துவிட்டாலோ, அது எந்தக் குற்றப் பதிவேட்டிலும் ஏறாத இழப்பு. அந்த இழப்பையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் தெருவிளக்கை எடைபோட வேண்டும்.

அம்மாவின் உறக்கத்துக்கு வருகிறேன். நம் விழித்திரையில் பார்வைக்கான உயிரணுக்களைத் தவிர, பகலா இரவா என்று உடலுக்கு அறிவிக்கும் தனி வகை உயிரணுக்களும் உண்டு. மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட இவை, 480 நானோமீட்டரை ஒட்டிய நீலஒளிக்கு மிகுதியாகத் தூண்டப்படுகின்றன. தூண்டப்பட்டால், உறக்கத்துக்கு உடலை ஆயத்தப்படுத்தும் மெலடோனின் சுரப்பது தடைபடுகிறது. வெள்ளை எல்இடியில், குறிப்பாக 4000 கெல்வினும் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் எண்; அது ஏற ஏற நீலம் கூடும்) அதற்கு மேலும் உள்ளவற்றில், இந்த நீலப் பகுதி பழைய மஞ்சள் நிறச் சோடியம் விளக்கைவிடப் பலமடங்கு அதிகம். அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016-இல், வெளிப்புற எல்இடி விளக்குகள் 3000 கெல்வினைத் தாண்டக் கூடாது, ஒளிமூலம் கண்ணில் படாதபடி மறைக்கப்பட வேண்டும் என்று பரிந்துரைத்தது.

அதே சமயம், ஜன்னல்வழி வரும் தெருவிளக்கு ஒளி பெரும்பாலும் சில லக்ஸுக்குள்தான் இருக்கும் என்பதையும், மூடிய இமை அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும் என்பதையும் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு முழு உண்மையைச் சொன்னவனாக மாட்டேன். ஆனால் ஒளியால் பாதிக்கப்படும் அளவு ஆளுக்கு ஆள் வெகுவாக மாறுகிறது. 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மாலை நேரத்து மெலடோனின் பாதியாகக் குறைவதற்கு ஒருவருக்கு 6 லக்ஸே போதுமானதாக இருந்தது. இன்னொருவருக்கு 350 லக்ஸ் தேவைப்பட்டது. ஐம்பது மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு. அந்த ஆய்வு இளம் வயதினரிடம் நடத்தப்பட்டது, ஆகவே உங்கள் அம்மாவுக்கு அந்த எண்களை அப்படியே பொருத்த மாட்டேன். ஆயினும் "எங்கள் வீட்டிலும்தான் வெளிச்சம் வருகிறது, நாங்கள் தூங்கவில்லையா?" என்று யாராவது கூட்டத்தில் கேட்டால், இதைச் சொல்லலாம். இதற்கு மேல் ஒன்று: வயதானவர்கள் இரவில் விழித்துக்கொள்ள மருத்துவக் காரணங்கள் பலவும் இருக்கக்கூடும். இரண்டு வாரம் ஜன்னலுக்குக் கனமான, ஒளிபுகாத திரையைப் போட்டுப் பாருங்கள்; அப்போதும் விழிப்பு குறையாவிட்டால் விளக்கை விட்டுவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவர் இரவில் எழுந்து நடக்க நேர்ந்தால் தடுமாறாதபடி, கால் பக்கத்தில், கட்டிலில் படுத்திருக்கும்போது கண்ணில் படாத உயரத்தில், மங்கலான ஆரஞ்சு நிற விளக்கு ஒன்றை வைத்துவிடுங்கள்.

அப்படியானால் பழைய மஞ்சள் விளக்கே திரும்ப வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். சோடியம் ஒளியில் நிறங்கள் சரியாகத் தெரியாது. அதிலும் தாழ்அழுத்தச் சோடியத்தின் ஒற்றை மஞ்சளில் சிவப்புச் சட்டையும் பச்சைச் சட்டையும் ஏறக்குறைய ஒரே பழுப்பாகத் தெரியும். எதிரே வருபவரின் முகத்தை அடையாளம் காண வெள்ளொளி உதவுகிறது என்பது மெய். 2700 கெல்வின் எல்இடியில் முகமும் நிறமும் வேண்டிய அளவு தெரியும், நீலமும் கணிசமாகக் குறையும். குடியிருப்புத் தெருவுக்கு நான் கேட்பது அதைத்தான். அதற்கும் ஒத்துவராவிட்டால் 3000 கெல்வினோடு நின்றுகொள்ளலாம். 5000, 6500 என்று எழுதிய விளக்குகளுக்கு வீடுகள் இருக்கும் இடத்தில் வேலையே இல்லை.

கூட்டத்தில் இதைச் சொல்ல நேரம் கிடைக்குமோ தெரியாது, ஆனாலும் மனிதரல்லாத உயிர்களையும் இந்த விளக்கு தொடுகிறது. சுவிட்சர்லாந்தின் புல்வெளிகளில் இரவில் விளக்கு வைத்துப் பார்த்தபோது, பூக்களுக்கு வரும் இரவுப் பூச்சிகளின் வருகை 62 சதவீதம் குறைந்ததாக 2017-இல் அறிவித்தார்கள். தென் இங்கிலாந்தில் தெருவிளக்கு எரியும் வேலியோரங்களில் அந்துப்பூச்சிப் புழுக்கள், இருண்ட வேலியோரங்களில் இருப்பதைவிட 47 சதவீதம் குறைவாக இருந்ததாகவும், வெள்ளை எல்இடியில் பாதிப்பு சோடியத்தைவிட மிகுதி என்றும் 2021-இல் கண்டறிந்தார்கள். வானத்தைப் பற்றி ஒரு வரி மட்டும்: மனிதர்களில் மூன்றில் ஒரு பங்கினர் இருக்கும் இடத்திலிருந்து பால்வீதியைப் பார்க்க முடியாது என்பது 2016-இல் வெளியான உலக வரைபடத்தின் கணக்கு. உங்கள் தெருக் குழந்தைகளையும் அந்தப் பட்டியலில் சேர்ப்பது, மேல்நோக்கி வீணாகப் போகும் ஒளிதான். அந்த ஒளியால் பயனடைபவர் யாருமே இல்லை.

இனி, நள்ளிரவுக்குப் பிறகு அணைப்பது. உங்கள் தெருவில் ஒரு மணிக்கு நடந்து வருபவர் இருக்கிறார் என்று தெரிந்த பிறகு, முழுவதும் அணைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால் இரவு முழுவதும் ஒரே அளவில் எரிய வேண்டும் என்பதற்கும் காரணம் இல்லை. சோடியம் விளக்கை அணைத்துப் போட்டால் முழு ஒளிக்கு வரச் சில நிமிடம் ஆகும். எல்இடிக்கு அந்தத் தடை கிடையாது, நொடியில் ஏறும், நொடியில் இறங்கும். பதினோரு மணிக்கு மேல் 30 சதவீதத்துக்கு இறங்கி நிற்கும்படியும், ஆள் நடமாட்டம் தெரிந்தால் ஏறும்படியும் இப்போது அமைக்க முடிகிறது. 60 வாட் விளக்கு ஒன்று இரவுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 263 யூனிட் ஆகும். அதில் ஆறு மணி நேரம் 30 சதவீதத்தில் எரிந்தால் ஒரு விளக்குக்கே 92 யூனிட் மிஞ்சும். செலவைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு அந்தக் கணக்கு போதும். மங்கலாக்கினால் தெரு இருண்டுவிடும் என்று அஞ்சுபவர்களுக்கு, ஒளி பாதியாகக் குறைந்தால் கண்ணுக்குப் பாதியாகத் தோன்றாது, அதைவிட மிகக் குறைந்த மாற்றமாகவே தோன்றும் என்பதைச் சொல்லுங்கள். ஒரு வாரம் செய்து பார்ப்போம் என்று கேளுங்கள். வாதத்தில் ஒத்துவராதவர்கள் நேரில் பார்த்தபின் ஒத்துவருவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஆள் வந்தால் ஏறும் கருவி கிடைக்காவிட்டால், எதிர்வீட்டுப் பெண் திரும்பும் நேரம் கழிந்த பிறகு, ஒன்றரை மணிக்கு மங்கும்படி நேரத்தை வைத்தாலும் போதும். ஒரு தெருவின் விளக்கு அத்தெருவில் வாழ்பவர்களின் கடிகாரத்தைத்தான் பின்பற்ற வேண்டும்.

இன்னொன்று, இதைக் கேட்டு வருத்தப்பட வேண்டாம். அமெரிக்காவின் டூசான் நகரில் 2019-இல் தெருவிளக்குகளின் அளவை மாற்றி மாற்றி வைத்துச் செயற்கைக்கோள்வழி அளந்தபோது, விண்ணில் தெரிந்த நகர வெளிச்சத்தில் தெருவிளக்குகளின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவாகவே இருந்தது. மீதியெல்லாம் கட்டடங்களும் விளம்பரப் பலகைகளும் தனியார் வைத்துக்கொண்ட விளக்குகளும்தான். உங்கள் தெருவிலும் வாசலிலும் மாடியிலும் இரவெல்லாம் எரியும் வெள்ளை விளக்குகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் வீட்டு வாசல் விளக்கும் அதில் ஒன்றாக இருந்தால், கூட்டத்துக்குப் போகும் முன்பே அதை மாற்றிவிடுங்கள். எதிர்வீட்டுப் பெண்ணின் ஜன்னலில் அது விழுகிறதா என்று அவரிடமே கேளுங்கள். அந்த ஒரு கேள்வி உங்கள் இருவருக்கும் இடையில் இருக்கும் மனத்தாங்கலை வெகுவாகக் குறைக்கும்.

உள்ளாட்சிக்கு எழுதும் மனுவில் "விளக்கை அகற்றுக" என்று எழுதாதீர்கள். அதை ஒருவரால் எளிதாக மறுத்துவிட முடியும். கம்பத்தின் எண்ணைக் குறிப்பிட்டு, விளக்கைத் தரைக்கு மட்டமாக இறக்கும்படியும், வீட்டுப்பக்கம் ஒளி வராதபடி பின்புறம் மறைப்புத் தகடு பொருத்தும்படியும் கேளுங்கள். இவை இரண்டும் ஏணி வைத்து ஒரே நாளில் முடிக்கக்கூடிய வேலை; பல விளக்குகளுக்கு அந்தத் தகடு துணைப்பொருளாகவே கிடைக்கிறது. அடுத்த முறை விளக்கு மாற்றும்போது 2700 கெல்வினும், மங்கலாக்கும் வசதியும், சாலைக்கு ஏற்ற வில்லையும் வேண்டும் என்பதைத் தனிக் கோரிக்கையாக அதே மனுவில் சேர்த்துவிடுங்கள். படுக்கையறைச் சுவரில் விழும் நிழலை, அறை விளக்கை அணைத்துவிட்டு ஒரு படம் எடுத்து இணையுங்கள். செல்பேசியில் லக்ஸ் அளக்கும் செயலிகளின் எண்ணை மனுவில் எழுத வேண்டாம், அவை ஒன்றுக்கொன்று வேறுபடும். அளவுக்கருவி கொண்டு வந்து உங்கள் ஜன்னலிலும், இரு கம்பங்களின் நடுவே தரையிலும் அளக்கும்படி அவர்களையே கேளுங்கள். மனுவில் உங்கள் கையெழுத்துக்குப் பக்கத்தில் எதிர்வீட்டுப் பெண்ணின் கையெழுத்தும் இருக்கட்டும். தகடு பொருத்திய அன்று இரவு ஒரு மணிக்கு, அவர் பணி முடிந்து வரும்போது தெருமுனைவரை போய் அவரோடு சேர்ந்து நடந்து வந்து, எந்த இடத்தில் இன்னும் கால் தயங்குகிறது என்று அவர் சொல்வதைக் குறித்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். அடுத்து எந்தக் கம்பத்தைச் சரிசெய்ய வேண்டும் என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.